பால் கலப்பட ரெய்டுக்குப் பிறகு என்ன நடக்கிறது?

கேள்வி இதுதான்: தீபாவளி, பொங்கல் நெருங்கினால் பால், நெய், பனீர், கோவா என்று ரெய்டு போகிறார்கள், கேன் கேனாகக் கொட்டி அழிக்கிறார்கள், பேப்பரில் போட்டோ வருகிறது, அதற்கப்புறம் ஒருத்தர்கூட ஜெயிலுக்குப் போன மாதிரி தெரியவில்லையே, இதெல்லாம் வெறும் கண்துடைப்பா?

கண்துடைப்பு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. சட்டத்தில் அதிகாரம் நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தின் உயிர், மாதிரி எடுத்து சீல் வைக்கிற அந்த அரை மணி நேரத்திலும் அதற்குப் பின்னால் வரும் சில வாரங்களிலும்தான் இருக்கிறது. கேமரா அங்கே போவதே இல்லை. சாக்கடையில் ஊற்றிய பாலைப் பார்த்து நாம் திருப்திப்படுகிறோம், சரியாக எடுத்த ஒரு மாதிரிக்குத்தான் கலப்படக்காரர்கள் பயப்படுகிறார்கள்.

முதலில் சட்டம். இப்போது அமலில் இருப்பது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னால் 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம். பழைய சட்டத்தில் தண்ணீர் ஊற்றினாலும் சரி, யூரியா போட்டாலும் சரி, எல்லாமே கிரிமினல் வழக்கு, பொதுவாகக் குறைந்தது ஆறு மாதச் சிறை. கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது என்னவென்றால், உத்தரப் பிரதேசத்தில் ஒரு பால் விற்பவரிடம் 1995 அக்டோபரில் மாதிரி எடுத்தார்கள். கொழுப்பு 4.6 சதவீதம் இருந்தது, குறையில்லை. கொழுப்பு நீங்கிய திடப்பொருள், அதாவது எஸ்.என்.எஃப்., 8.5 இருக்க வேண்டிய இடத்தில் 7.7 இருந்தது. அந்த வழக்கு கீழ் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல்தான் முடிந்தது. தரம் என்று சட்டம் ஒரு அளவை வைத்துவிட்டால் அதிலிருந்து கொஞ்சம் குறைந்தாலும் கலப்படம்தான், உடலுக்குக் கெடுதல் என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்று சொல்லி தண்டனையை உறுதி செய்தார்கள். தீர்ப்பு சரி. ஆனால் ஒரு கேன் பாலுக்கு 24 வருடம் ஆனது.

இந்தத் தாமதத்தைப் பார்த்துத்தான் புதிய சட்டம் பாதையை இரண்டாகப் பிரித்தது. ஆய்வு அறிக்கை 'தரம் குறைந்தது' என்று வந்தால் அது அபராத வழக்கு, ஐந்து லட்சம் ரூபாய் வரை போகலாம். லேபிளில் பொய் சொல்லியிருந்தால் 'தவறான குறியீடு', மூன்று லட்சம் வரை. இவை நீதிமன்றத்துக்குப் போவதில்லை. கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலையில் உள்ள தீர்ப்பு அலுவலரிடம் போகும், தமிழ்நாட்டில் மாவட்ட வருவாய் அலுவலர்தான் அந்த அலுவலர். முதல் விசாரணையிலிருந்து 90 நாளில் உத்தரவு போட வேண்டும் என்று விதி சொல்கிறது. 'பாதுகாப்பற்றது' என்று வந்தால் மட்டும்தான் கிரிமினல் வழக்கு. அதிலும் யாருக்கும் பாதிப்பு ஏற்படவில்லை என்றால் முன்பு ஆறு மாதம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று இருந்தது. 2023இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை மூன்று மாதமாகக் குறைத்து அபராதத்தை மூன்று லட்சம் வரை உயர்த்திவிட்டது. உயிரிழப்பு நடந்தால் மட்டும் குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள் வரை.

ஆக, ஏன் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை என்ற கேள்விக்கு நேரடியான பதில்: பிடிபடுவதில் பெரும்பகுதி தண்ணீர் கலந்த, வெண்ணெய் எடுத்த, எஸ்.என்.எஃப். குறைந்த பால். அது சட்டத்தின் கண்ணில் தரக்குறைவு, அபராதத்தோடு முடிகிறது. இதை நான் குறையாக மட்டும் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் நிச்சயமாக விழும் இரண்டு லட்ச ரூபாய் அபராதம், இருபது வருடம் கழித்து வரலாம் அல்லது வராமலும் போகலாம் என்கிற ஆறு மாதச் சிறையைவிட ஒரு வியாபாரியை அதிகம் பயமுறுத்தும். பிரச்சினை அந்த 'நிச்சயமாக' என்பதில் இருக்கிறது. தீர்ப்பு அலுவலர் வேலையைப் பார்ப்பவருக்குப் பட்டா, நிலம் எடுப்பு, தேர்தல் என்று ஆயிரம் வேலை இருக்கும், கலப்பட வழக்கு அதில் ஒரு ஓரம். ஐந்து லட்சம் வரை என்று சட்டம் சொன்னாலும், லாபம் எவ்வளவு, எத்தனையாவது முறை மாட்டுகிறார் என்பதைப் பார்த்துத் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று 49வது பிரிவு சொன்னாலும், ஒரு நாள் லாபத்தில் கட்டிவிடக்கூடிய தொகையைப் போட்டால் அது அபராதமாக இருக்காது, வியாபாரச் செலவாகிவிடும்.

பயத்தையும் கொஞ்சம் சரியான இடத்தில் வைக்க வேண்டும். 2011இல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், நாடு முழுக்க 1,791 மாதிரிகள் எடுத்ததில் 68.4 சதவீதம் தர அளவுக்குள் வரவில்லை. 'இந்தியாவில் 68 சதவீதப் பால் விஷம்' என்று இன்றுவரை அதைத்தான் சுற்ற விடுகிறார்கள். அதில் மிகப் பெரும்பகுதி தண்ணீர் சேர்த்து திடப்பொருள் குறைந்ததுதான். 2018இல் இன்னும் பெரிதாக, 1,103 ஊர்களிலிருந்து 6,432 மாதிரிகள் எடுத்தார்கள். யூரியா, சோப்புத்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி உடலைக் கெடுக்கும் பொருள் கலந்திருந்தவை 12 மாதிரிகள்தான். ஆனால் கொழுப்பு, எஸ்.என்.எஃப். போன்ற தர அளவில் தேறாதவை சுமார் 41 சதவீதம். அதாவது நம்மைக் கொல்லும் பால் அரிது, நம்மை ஏமாற்றும் பால் ஏராளம். (87 சதவீத இந்தியருக்குப் பாலால் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்ததாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வரும், அப்படி எதையும் தாங்கள் சொல்லவில்லை என்று அந்த நிறுவனமே மறுத்துவிட்டது, தயவுசெய்து அதைப் பகிராதீர்கள்.)

சரி, மாதிரி எடுப்பதற்கு வருவோம், வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். உணவுப் பாதுகாப்பு அலுவலர் நோட்டீஸ் கொடுத்து, சாட்சியை வைத்துக்கொண்டு, விற்கிற விலையைக் கொடுத்துத்தான் பாலை வாங்க வேண்டும், சும்மா எடுக்க முடியாது. கேனில் நின்ற பாலில் கொழுப்பு மேலே மிதக்கும், அதனால் அடி முதல் மேல்வரை நன்றாகக் கலக்கிவிட்டு எடுக்க வேண்டும். மேலாக மோந்து எடுத்தால் கொழுப்பு கூடுதலாகக் காட்டும், அடியில் குழாய் திறந்து பிடித்தால் குறைவாகக் காட்டும், 'கலக்காமல் எடுத்தார்' என்ற ஒரே வாதத்தில் வழக்கு உடையும். பிறகு சுத்தமான, ஈரமில்லாத பாட்டில்களில் நான்கு பாகமாகப் பிரிக்கிறார். மூடி இறுக்கி, தாளில் சுற்றி, நியமன அலுவலர் (மாவட்ட அளவில் உணவுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பாளர்) கையெழுத்தும் குறியீட்டு எண்ணும் போட்ட சீட்டை அடியிலிருந்து மேல்வரை சுற்றி ஒட்டி, நூல் கட்டி அரக்கு முத்திரை வைக்க வேண்டும். விற்பவரின் கையெழுத்து பாதி அந்தச் சீட்டிலும் பாதி சுற்றிய தாளிலும் விழ வேண்டும், யாராவது பிரித்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. ஒரு பாகம் ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை தரும் உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பாகம் நியமன அலுவலரிடம், நான்காவது பாகத்தை வியாபாரி கேட்டால் அவர் செலவில் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு அறிக்கையும் முரண்பட்டால் மேல்முறையீட்டு ஆய்வகத்துக்குப் போகும், அங்கே வருவதுதான் முடிவு.

பாலில் இன்னொரு சிக்கல், அது கெட்டுப்போகும். அதனால் ரசாயன ஆய்வுக்குப் போகும் மாதிரியில் கெடாமல் இருக்க அலுவலரே சில சொட்டு ஃபார்மலின் விடுகிறார், விதியே அதை அனுமதிக்கிறது. அப்படியானால் பாலில் ஃபார்மலின் கலந்திருக்கிறதா என்று அந்த பாட்டிலை வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது. அந்தச் சந்தேகம் இருந்தால் மருந்து சேர்க்காமல் தனியாக, பனிக்கட்டியில் வைத்து, அன்றே கொண்டுபோக வேண்டும். கிருமி ஆய்வுக்கும் அப்படித்தான். கோடை மத்தியானத்தில் ஒரு மலைக்கிராமத்தில் எடுத்த மாதிரியை பஸ்ஸில் கொண்டுபோகும் அலுவலரிடம் குளிர்பெட்டி இருக்கிறதா என்பது சின்ன விஷயமாகத் தெரியும், வழக்கின் தலையெழுத்தே அதுதான்.

செய்தியில் வரும் 'மாதிரி எடுத்தார்கள்' என்பதையும் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். இரண்டு வகை இருக்கிறது. கண்காணிப்பு மாதிரி என்பது நிலவரம் தெரிந்துகொள்ள எடுப்பது, அதில் தவறு வந்தாலும் அதை வைத்து வழக்குப் போட முடியாது, திரும்பப் போய்ச் சட்டப்பூர்வ மாதிரி எடுக்க வேண்டும். நான்கு பாகம், அரக்கு, சாட்சி எல்லாம் சட்டப்பூர்வ மாதிரிக்குத்தான். நடமாடும் ஆய்வக வேனில் சோதித்துப் பார்ப்பதும் முதல் வகையில்தான் சேரும், உபயோகமானது, ஆனால் ஆதாரம் ஆகாது. கொட்டி அழிப்பதும் இப்படித்தான். கைப்பற்றிய பொருள் மனிதர் சாப்பிட முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அழிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. மாதிரி எடுக்காமல், அவசரத்தில், கேமரா முன்னால் ஊற்றிவிட்டால் ஆதாரத்தை நம் கையாலேயே அழித்த கதை. வியாபாரிக்கு நட்டம் ஒரு நாள் சரக்கு, அவ்வளவுதான். மறுநாள் காலையில் கடை திறந்துவிடுவார்.

ஆதாரம் இல்லாத பேச்சு என்ன செய்யும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 2017இல் பால்வளத் துறை அமைச்சரே தனியார் பாலில் ரசாயனம் கலக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள், ஆதாரமில்லாமல் தங்களைப் பற்றிப் பேசக்கூடாது என்று அவருக்குத் தடை வாங்கினார்கள். கையில் நான்கு பாட்டிலும் ஆய்வக அறிக்கையும் இருந்திருந்தால் பேட்டியே தேவைப்பட்டிருக்காது.

ஆய்வகத்தில் எதைப் பிடிக்க முடியும் என்பதை முன்கூட்டியே யோசித்துச் செய்த ஒரு நல்ல வேலையைச் சொல்ல வேண்டும். வனஸ்பதியில் குறைந்தது ஐந்து சதவீதம் நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று அரசு கட்டாயம் வைத்தது. சுவைக்காக இல்லை. நல்லெண்ணெயை ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கினால் அமிலப் பகுதி சிவந்துவிடும், பௌடவின் சோதனை என்று பெயர். நெய்யில் வனஸ்பதி கலந்தவன் தெரியாமலே நல்லெண்ணெயையும் கலந்துவிடுகிறான், சோதனைக்குழாயில் இளஞ்சிவப்பு வந்ததும் மாட்டிக்கொள்கிறான். எனக்குத் தெரிந்து உணவுச் சட்டத்தில் இவ்வளவு சாமர்த்தியமான ஏற்பாடு வேறு இல்லை. ஆனால் எதிராளியும் படித்தவன். வனஸ்பதியை விட்டுவிட்டு பாமாயில், தேங்காய் எண்ணெய், விலங்குக் கொழுப்பு என்று கணக்குப் பார்த்துக் கலந்து, வழக்கமான சோதனை எண்கள் எல்லாம் அளவுக்குள் வருகிற மாதிரி செய்கிறார்கள். அதைப் பிடிக்க பீட்டா சிட்டோஸ்டீரால் மாதிரி தாவரக் கொழுப்பில் மட்டும் இருக்கும் பொருளைத் தேட வேண்டும், கொழுப்பு அமிலங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அதற்குக் கருவியும் ஆளும் வேண்டும். கிண்டியில் தொடங்கி பாளையங்கோட்டை வரை நமக்கு அரசு உணவுப் பகுப்பாய்வு ஆய்வகங்கள் இருக்கின்றன. மாதிரி கிடைத்த 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். தீபாவளி சமயத்தில் எல்லா மாவட்டமும் ஒரே வாரத்தில் மாதிரியைக் கொண்டுவந்து குவித்தால் அந்த 14 நாள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பண்டிகை ரெய்டை நான் விரும்பாததற்கு இதுவும் காரணம். வருடம் முழுக்கப் பரவலாக எடுத்தால் ஆய்வகமும் மூச்சு விடும், வியாபாரிக்கும் எப்போது வருவார்கள் என்று தெரியாது.

பனீர் தனிக் கதை. பால் கொழுப்புக்குப் பதில் பாமாயில் போட்டுச் செய்ததை விற்பது குற்றமில்லை, பனீர் என்று சொல்லி விற்பதுதான் குற்றம். பாக்கெட்டில் உள்ளதை உள்ளபடி ஒழுங்காக அச்சிட்டுத்தான் தொழிற்சாலையிலிருந்து வருகிறது, ஓட்டல் சமையலறையில் பாக்கெட்டைப் பிரித்ததும் அது பனீர் ஆகிவிடுகிறது. இங்கே ரசாயன ஆய்வைவிட ஓட்டலின் கொள்முதல் பில்லைப் பார்ப்பது சீக்கிரம் வேலையை முடிக்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு எங்கே நடக்கிறது என்றால், எங்கே சோதிக்கிறோம் என்பதில். டீக்கடையில் ஐந்து லிட்டரைச் சோதிப்பது சுலபம், போட்டோவும் எடுக்கலாம். ஆனால் பால் கை மாறும் பெரிய இடங்கள் குளிரூட்டும் நிலையமும் டேங்கரும்தான். 2014 ஆகஸ்டில் திண்டிவனம் பக்கத்தில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கூட்டுறவுப் பால் டேங்கரை வழியில் நிறுத்தி, பாலை இறக்கிக்கொண்டு அதே அளவுக்குத் தண்ணீரை ஏற்றியதைப் போலீசார் பிடித்தார்கள். ஒரு வண்டியில் நடந்தது ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போகும் பால். எந்த டீக்கடை ரெய்டும் இதைக் கண்டுபிடித்திருக்காது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் கொழுப்பு, எஸ்.என்.எஃப். இரண்டையும் பதிந்து ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே வித்தியாசம் தெரிந்திருக்கும். பால்மானி மட்டும் போதாது, அது அடர்த்தியைத்தான் காட்டும். தண்ணீர் ஊற்றினால் இறங்கும், சர்க்கரையோ உப்போ யூரியாவோ போட்டால் திரும்ப ஏறும், வெண்ணெய் எடுத்தாலும் ஏறும். இரண்டையும் அளவாகச் செய்கிறவனைப் பால்மானி நல்லவன் என்றே சொல்லும். கிராமத்து சொசைட்டியில் ஒவ்வொருவர் பாலையும் சோதித்து, அந்த எண்ணுக்கு ஏற்றபடி பணம் கொடுத்தால் தண்ணீர் ஊற்றுவதில் லாபமே இல்லாமல் போகும். அரசு செய்யக்கூடிய மிக மலிவான அமலாக்கம் அதுதான்.

சட்டத்தின் கை எட்டாத ஒரு இடமும் இருக்கிறது. அதே 2018 ஆய்வில் பாதுகாப்புப் பக்கம் பெரிதாக வந்தது யூரியாவும் சோப்பும் இல்லை, அஃப்ளடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சு. 5.7 சதவீத மாதிரிகளில் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது, எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலில், 551 மாதிரிகளில் 88. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் சாப்பிட்ட மாட்டின் பாலில் அது வருகிறது, காய்ச்சினாலும் போகாது. யாரும் கலக்கவில்லை, எனவே கலப்படக்காரன் என்று யாருமில்லை. உணவு என்பதற்கு அந்தச் சட்டம் கொடுத்திருக்கும் வரையறையிலேயே கால்நடைத் தீவனத்தை விலக்கி வைத்திருக்கிறார்கள், ஆக உணவுப் பாதுகாப்பு அலுவலர் தீவனக் கிடங்குக்குள் போய் மாதிரி எடுக்க முடியாது. கால்நடைத் துறையும் பால் ஒன்றியங்களும் சேர்ந்து தீவனத்தைச் சோதிக்காதவரை, எத்தனை ரெய்டு போனாலும் இது குறையாது. என் மனதை அதிகம் அரிப்பது இதுதான், ஏனென்றால் அந்தப் பாலைத்தான் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம்.

இன்னும் கடுமையான தண்டனை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: 2016இல் உச்ச நீதிமன்றமும் பால் கலப்பட வழக்கில் தண்டனையைக் கூட்டுவது பற்றி மத்திய அரசை யோசிக்கச் சொன்னது, உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், ஒடிசா ஏற்கெனவே ஆயுள் தண்டனை வரை போகும்படி தண்டனைச் சட்டத்தைத் திருத்தியிருப்பதையும் எடுத்துக்காட்டியது. ஆனால் 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், பாதுகாப்பற்ற உணவுக்கான 59வது பிரிவு பொருந்தும் இடத்தில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 272, 273வது பிரிவுகள் செல்லாது, சிறப்புச் சட்டம்தான் மேலோங்கும் என்று சொல்லிவிட்டது. அதனால் போலீஸ் வழக்குப் போடட்டும் என்று காத்திருப்பதில் பலனில்லை, உணவுப் பாதுகாப்புத் துறைதான் செய்ய வேண்டும். அதன் கையில் உரிமத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் இருக்கிறது, குறிப்பிட்ட ஒரு உணவைத் தயாரிக்கவோ விற்கவோ ஓராண்டு வரை தடை போடும் அதிகாரம் ஆணையருக்கு இருக்கிறது. அபராதத்தைவிட இவை வலிக்கும். இரண்டாவது முறை மாட்டியவருக்கு உரிமம் நின்றால் டேங்கர் நிற்கும், ஊழியர் நிற்பார்கள், ஏஜென்ட்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள்.

நீங்களாக என்ன செய்யலாம் என்றால், 40வது பிரிவு யாருக்கும் தெரிவதில்லை. வாங்குபவரே பொருளைப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். கட்டணம் உண்டு, ஆய்வுக்குக் கொடுக்கப்போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். தவறு நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பில் வாங்கி வையுங்கள்.

அப்புறம், ரெய்டு செய்தி வந்த மூன்று மாதம் கழித்து உங்கள் மாவட்ட நியமன அலுவலருக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். பால் மற்றும் பால் பொருட்களில் எத்தனை சட்டப்பூர்வ மாதிரி, எத்தனை கண்காணிப்பு மாதிரி, எத்தனை தரம் குறைந்தது, எத்தனை பாதுகாப்பற்றது, எத்தனை வழக்கு தீர்ப்பு அலுவலரிடம் போனது, விதித்த அபராதம் எவ்வளவு, அதில் வசூலானது எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். குற்றம் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும், ஆணையர் காரணத்தை எழுதி அனுமதித்தால் மூன்றாண்டு வரை நீளும். அந்தக் காலம் தாண்டிக் காலாவதியான அறிக்கைகள் எத்தனை என்பதையும் மறக்காமல் சேர்த்துக் கேளுங்கள்.